வெட்டி எறிந்த இடது ஓரம்

கொடைக்கானலில் ஒரு போட்டோ கலர் லேப்பில் முப்பது வருடம் பிரிண்ட் போட்டேன். படத்தின் ஓரத்தில் யாருடைய கையாவது, பை வாராவது நீட்டிக்கொண்டிருந்தால் கஸ்டமரைக் கேட்காமலே கிராப் செய்து வெட்டிவிடுவேன். வேலை சுத்தம் என்று முதலாளி மெச்சுவார். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

கவுஞ்சி கிராமத்தில் பூண்டு பயிர் போடும் செல்லையா அண்ணன் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வரும்போதெல்லாம் லேப்புக்கும் வருவார். யாரோ டூரிஸ்ட் விற்றுவிட்டுப் போன பழைய டிஜிட்டல் கேமரா கழுத்தில் தொங்கும். மெமரி கார்டு முழுக்க ஒரே மலை, ஒரே மேகம். பிரிண்ட் போட்டதும் கார்டை நான்தான் ஃபார்மேட் செய்து காலியாக்கிக் கொடுக்க வேண்டும், அவருக்குத் தெரியாது. சிஸ்டத்தில் ஏற்றியதை மாதக் கடைசியில் அழித்துவிடுவேன். இடம் வேண்டுமே.

ஒருநாள் கிண்டலாகக் கேட்டேன்.

"எதுக்குண்ணே அதே மலையைப் போயி எடுக்கிறீங்க? அது எங்கயாச்சும் ஓடிப்போயிருமா?"

சிரித்தார். "மேகம் வெலகுற வரைக்கும் நானும் பவுனும் நிக்கலாம்ல தங்கச்சி. வெள்ளனே பூண்டுக் காட்டுக்குள்ள எறங்குனா இருட்டுற வரைக்கும் சோலி கெடக்கு. ரெண்டு பேரும் சும்மா நிக்க வேற என்ன சாக்கு இருக்கு?"

பவுனு அவர் மனைவி. கேமராவில் தூறல் படாமல் இடது பக்கம் நின்று குடை பிடிப்பது அவர்தான் என்று அன்றுதான் தெரிந்தது. குடையும் கையும், சில சமயம் பாதி முகமும் ஓரத்தில் விழும். தெரிந்த பிறகும் வெட்டினேன். அழகான மலைக்குப் பக்கத்தில் குடை எதற்கு என்ற நினைப்பு.

போன மழைக்காலத்தில் இரண்டு மாதம் அவரைக் காணவில்லை. பிறகு தாடியோடு வந்தார். பவுனு காய்ச்சலில் கிடந்து இறந்துபோனதைச் சொன்னார். மஞ்சப்பையிலிருந்து பழைய பிரிண்டுகளை எல்லாம் மேஜையில் கொட்டினார்.

"காரியத்துக்கு ஆதார் கார்டுப் படத்தைத்தான் பெருசு பண்ணி வச்சோம். அதுல பயந்துபோயி முழிக்கிறா. இதுலயெல்லாம் இந்த ஓரத்துல நின்னா தங்கச்சி, சிரிச்சுக்கிட்டு நின்னா. பேப்பர் பத்தாம விட்டுப்போச்சாக்கும்னு நெனச்சேன். மிச்சம் மிஷினுக்குள்ள இருக்கும்ல? ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடுங்க."

சிஸ்டத்தைத் திறந்து தேடுவதுபோல் நடித்தேன். இல்லை என்று தெரிந்தேதான் தேடினேன்.

"நாந்தாண்ணே வெட்டுனேன்" என்றேன் கடைசியில். "மிச்சம் எதுவும் இல்லண்ணே."

அவர் கோபமாகக் கத்தியிருந்தால் தேவலை. பிரிண்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கிப் பைக்குள் வைத்தார். "நல்லா இருக்கணும்னுதான பண்ணுனீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று வீட்டில் உட்கார்ந்து, முழு முகம்கூடப் பார்த்திராத ஒரு பெண்ணுக்காக அழுதேன்.

மூன்று வாரம் கழித்து மறுபடி கார்டோடு வந்தார். அதே மலைதான். தூறல் பட்டுச் சில படங்கள் கலங்கியிருந்தன. எல்லாவற்றிலும் மலை வலது பக்கம் ஒதுங்கியிருந்தது. இடது பக்கம் ஓர் ஆள் நிற்கும் அளவுக்குக் காலியாகக் கிடந்தது.

"இந்த ஓரம் இருக்கட்டுமாண்ணே?"

"இருக்கட்டும் தங்கச்சி. அவ நிக்கிற எடம்."

லேப் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். கேட்காமல் ஓரத்தை வெட்டாதீர்கள். எடுத்தவருக்கு எது படம் என்பது நமக்குத் தெரியாது. முப்பது வருடத்தில் நான் கேட்டுவிட்டுப் போட்ட முதல் பிரிண்ட் அதுதான்.