திராட்சைப் பந்தலில் பெண் பார்த்தது

2008 கோடையில் எங்கள் குடும்பத்தை ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். குறிஞ்சிப்பாடியைத் தாண்டி ஒரு குடும்பம் சொந்தமாகப் போட்ட தோட்டம். முந்திரி விளைகிற செம்மண்ணில் திராட்சையா என்று அப்பா வழியெல்லாம் ஆச்சரியப்பட்டார். அதெல்லாம் நடிப்பு. அந்த வீட்டு மூத்த மகனுக்கு அக்காவைக் காட்டத்தான் போகிறோம் என்பது சிதம்பரத்தில் பஸ் ஏறும்போதே நால்வருக்கும் தெரியும்.

அக்காவுக்குச் சிறுவயதில் போலியோ வந்து வலது கால் சூம்பியிருந்தது. ஆனாலும் தினமும் கடலூருக்குப் போய் கோர்ட்டுக்கு எதிரே ஒரு கடையில் டைப் அடித்துவிட்டு வருவாள். காலைப் பற்றித் தரகரிடம் சொல்லியாயிற்று என்றாள் அம்மா. "அவுங்க அதையெல்லாம் பெருசா எடுத்துக்கல."

பந்தலுக்கடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். தலைக்கு மேலே பன்னீர் திராட்சை கருகருவென்று தொங்கியது. மாப்பிள்ளையின் அம்மா காபி கொடுத்தாள், சிரிக்கச் சிரிக்கப் பேசினாள். பிறகு அக்காவிடம் ஒரு கூடையை நீட்டினாள்.

"அதோ, கோடி வரிசையில நல்லாப் பழுத்திருக்கு. போய்ப் பறிச்சிட்டு வாம்மா."

"நான் போறேன்" என்று எழுந்தேன்.

"நீ உக்காரு. அவளே போவட்டும்" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

அப்போதுதான் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் நடந்தாள். வீட்டார் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அவள் காலையே பார்த்தார்கள். மாப்பிள்ளை மட்டும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். எட்டாத கொத்துக்காக எம்பியபோது அக்கா சறுக்கி முட்டி போட்டு விழுந்தாள். யாரோ சிரித்தார்கள். அப்பா கையிலிருந்த தம்ளரைக்கூடக் கீழே வைக்கவில்லை.

அக்கா எழுந்து, கூடை நிறையப் பறித்துக்கொண்டு அதே சேற்றில் திரும்பி வந்தாள். அந்த அம்மாள் ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, அக்கா அங்கே இல்லாததுபோல அப்பாவிடம் சொன்னாள்.

"தோட்டம் தொரவுக்கு இது தாங்காதுங்க. சின்னவளக் குடுக்கறதா இருந்தா இன்னிக்கே பூ வெச்சிடறோம்."

அப்பா யோசிக்க ஆரம்பித்தார். அந்த யோசனையை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

"எனக்கு இஷ்டமில்ல" என்று கத்திவிட்டேன். "மாடு வாங்கற மாதிரி நடக்கவுட்டா பாக்கறீங்க?"

"வாய் கொஞ்சம் ஜாஸ்திதான்" என்று அவள் சிரித்தாள். சாப்பிடாமல் போகக்கூடாது என்றார்கள். சாப்பிட்டோம். அப்பா மோருக்குக் கூடக் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கினார்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா என்னைத் திட்டவில்லை. அக்காவிடம்தான் சொன்னாள்.

"ஒன்னால இவளுக்கு வந்ததும் போச்சி."

அக்கா புடவையில் காய்ந்த சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்தேன். உதறினாள்.

"யாரு ஒன்ன வேணாம்னு சொல்லச் சொன்னது? இனிமே அந்தப் பேச்சையும் நாந்தான கேக்கணும்?"

அந்த மழைக்காலத்துக்குள் கடலூரில் ஒரு பெண்கள் விடுதியில் இடம் பார்த்துக்கொண்டு அக்கா போய்விட்டாள். வீட்டில் யாரும் தடுக்கவில்லை. பஸ் அலைச்சல் மிச்சம் என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டாள்.

என் கல்யாணத்துக்கு வந்தாள். தாலி கட்டியதும் பந்தியில்கூட உட்காராமல் கிளம்பினாள். மாலையும் கழுத்துமாக மண்டப வாசல்வரை ஓடினேன்.

"கோர்ட்ல வேல இருக்குடி" என்றாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை.