மூன்று நாள் கேட்கக்கூடாது

எண்ணெய்க் கிணறுகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டியே இருபத்திரண்டு வருஷம் தேய்ந்தவன் ஹுமைத். எண்ணெய் விலை விழுந்ததும் கம்பெனி அவனை வீட்டுக்கு அனுப்பியது. இனி எண்ணெயை மட்டும் நம்பக்கூடாது, சுற்றுலாவும் வேண்டும் என்றது அரசாங்கம். கையிலிருந்ததையெல்லாம் கொட்டி, பித்யா ஊருக்குத் தெற்கே பாலைவன மணலில் சுற்றுலாக்காரர்களுக்காக ஆறு கூடாரம் போட்டான். உரிமம் கிடைக்காவிட்டால் அத்தனையும் மண்.

உரிமத்துக்காகப் பார்வையிட மஸ்கட்டிலிருந்து ஸுஆத் என்ற அதிகாரி வந்தாள். மணி பதினொன்று. வெயில் கொதித்தது.

"ஒரு ஜெர்மன்காரர் தங்கியிருக்காராமே, எங்க பெரியப்பா?"

"விடியக்காலையில நடந்து போனாரு."

"எங்க?"

ஹுமைத் கையை விரித்தான். விருந்தாளியிடம் மூன்று நாள்வரை எங்கிருந்து வந்தாய், எங்கே போகிறாய் என்று கேட்பது அவன் குலத்தில் கேவலம். ஜெர்மன்காரன் வந்ததே நேற்றுதான்.

"கேக்கவே இல்லையா?"

"அவரா கேப்பாரு?" உள்ளே காப்பிக்கொட்டை இடித்துக்கொண்டிருந்த மனைவி ஷம்ஸா சொன்னாள். "கம்பெனிக்காரன் போடான்னப்பவே ஏன்டான்னு கேக்காத மனுசன்."

ஸுஆத் சிரிக்கவில்லை. "ஆளுக்கு ஏதாவது ஆச்சுன்னா உரிமத்தை மறந்துடுங்க."

இருவரும் பிக்கப்பில் ஏறினார்கள். காலடித் தடம் மணலில் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் உச்சிவேளையில் காற்று கிளம்பிவிடும். ஒரு மேட்டில் காலித் தண்ணீர்ப் புட்டி கிடந்தது. அதற்கப்பால் காற்று தடத்தைத் தின்றிருந்தது.

"இப்ப என்ன பண்றது?" என்றாள் ஸுஆத்.

ஹுமைத் குனிந்து பார்த்தான். மேட்டின் மறைவில் ஒரு ஒட்டகத் தடம், அதை ஒட்டி அரைகுறையாகச் செருப்புத் தடம். ஒட்டகத்துக்கு முன்னங்கால் கோணல். பக்கத்தில் ஒட்டகம் வளர்க்கும் ஸைஃபின் கிழட்டு ஒட்டகம்.

"ஒட்டகம் வீட்டுக்குப் போகும்னு பின்னாடியே போயிருக்கான், முட்டாள். அது மேயப் போகுது."

வண்டியை, ஒட்டகங்கள் மேயும் வன்னிமரக் கூட்டத்துக்கு விரட்டினான். நிழலில் ஜெர்மன்காரன் உதடு வெடித்துக் கிடந்தான். உயிர் இருந்தது. ஹுமைத் அவன் வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டான்.

சாயங்காலம் ஜெர்மன்காரன் எழுந்து உட்கார்ந்தான். ஸுஆத் உரிமத் தாளை எடுத்தாள்.

"விருந்தாளி எங்க போறார்னு தினம் கேட்டு எழுதணும், பெரியப்பா. இப்ப என் முன்னாடி கேளுங்க. அப்புறம்தான் கையெழுத்து."

"நீயே கேளேன்."

"நான் நாளைக்கு இங்க இருக்க மாட்டேன்."

ஹுமைத் தரையைப் பார்த்துக்கொண்டு, லாரிக்காரன் இங்கிலீஷில், நாளை எங்கே போகிறாய் என்று கேட்டான். காது சுட்டது. உள்ளே உரல் சத்தம் சட்டென்று நின்றது.

ஜெர்மன்காரன் சாதாரணமாகப் பதில் சொன்னான். ஹுமைத் அதை எழுதிக்கொண்டான்.