வரப்பில் கழற்றி வைத்த பூட்ஸ்

எந்த ஊருக்கு வேலைக்குப் போனாலும் பந்து விளையாடுகிற இடத்தைக் கண்டால் நின்றுவிடுகிறேன். ஆட்டத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஆடுகிறவர்களின் காலைப் பார்க்கிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். செங்கல் சூளை, காப்பித் தோட்டம், லாரி என்று எதிலும் நிலைத்துத் தங்கியதில்லை. காலைப் பார்க்கிற இந்தப் பழக்கம் மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

புதூர்நாட்டுக்கு மேலே, மலையில் இருக்கும் எங்கள் ஊரில் மைதானம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. அம்மன் கோயிலுக்கென்று ஒரு கொல்லை உண்டு. சாமை அறுத்த பிறகு அடுத்த மழைவரை அது சும்மா கிடக்கும். இரண்டு பக்கமும் மூங்கில் நட்டு அதில் பந்து ஆடினார்கள். அம்மன் நிலம் என்பதால் செருப்புக்கால் படக்கூடாது. கீழே ஆலங்காயத்திலிருந்து ஆட வருகிறவர்களும் வரப்பிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள்.

எங்கள் அணியில் சேருகிறவன் கோயிலில் கற்பூரம் அடித்து ஒரு சத்தியமும் செய்ய வேண்டும். அணியில் இருக்கும்வரை மேஸ்திரியின் ஜீப்பில் ஏறமாட்டேன் என்பதுதான் அது. மேஸ்திரி வெளிமாநில வேலைக்கு ஆள் பிடிக்க வருகிறவர். என் அப்பா அந்த ஜீப்பில் போனவர்தான். திரும்பி வரவில்லை. விசாரிக்கப் போனவர்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை. அதன் பிறகு எங்களோடு இருந்தது அப்பாவின் தம்பி, என் சித்தப்பா. அவர்தான் அணியின் கோல்கீப்பர், கேப்டனும் அவரே. பந்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத அம்மா, ஞாயிறுதோறும் மொத்த அணிக்கும் கூழ் காய்ச்சி எடுத்துக்கொண்டு போவாள். அம்மாவுக்கும் பந்து பிடித்துவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் கீழேயிருந்து இரண்டு முதலாளிகள் வந்தார்கள். அண்ணன் தம்பிகள். கல் உடைக்கிற கிரஷர், கல்யாண மண்டபம் எல்லாம் அவர்களுக்கு உண்டு. மலையில் ரிசார்ட் கட்ட இடம் வாங்கியிருந்தார்கள். அப்படியே எங்கள் அணியையும் வாங்கிவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு.

"இன்னாத்தடா வாங்கினாங்க? ஆளையா, பந்தையா?" என்று என் தாய்மாமன் கேட்டார்.

"பேர வாங்கிக்கினாங்க மச்சான். இனிமே செலவெல்லாம் அவங்களது" என்றார் சித்தப்பா.

"நம்ம பேர வெச்சிக்கினு அவங்க இன்னா பண்ணுவாங்க?"

"அதெல்லாம் பெரிய ஆளுங்க சமாச்சாரம். உனுக்குப் புரியாது."

சித்தப்பாவுக்கும் புரிந்திருக்கவில்லை. ஆனால் புளியமரத்தடியில் ஆளுக்கொன்று சேர்த்துக்கொண்டே போனார்கள். கொல்லையைச் சுற்றி லைட்டு வரும் என்றார் ஒருவர். மேட்ச் பார்க்க ஜனம் வரும், அதனால் ரோடும் பஸ்ஸும் வரும் என்றார் இன்னொருவர். சித்தப்பா வீட்டுக்கு வந்து, "மாசாமாசம் சம்பளம் குடுப்பாங்களாம் அண்ணி. இனிமே எந்த ஜீப்பும் வோணாம்" என்றார். அம்மா அன்றைக்குக் கோழி அடித்தாள்.

பனியனும் பூட்ஸும் வந்தன. மஞ்சள் பனியனின் நெஞ்சில் ரிசார்ட்டின் பேர். பூட்ஸைப் போட்டுக்கொண்டு எல்லோரும் தெருவில் கொக்குபோல நடந்து பழகினார்கள்.

முதல் ஆட்டத்துக்கு முதலாளிகள் போட்டோக்காரரோடு வந்தார்கள். எங்கள் ஆட்கள் பூட்ஸோடு வரப்புவரை கம்பீரமாக வந்தார்கள். அங்கே குனிந்து, கழற்றி, ஜோடி ஜோடியாக வைத்துவிட்டு வெறுங்காலோடு இறங்கினார்கள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. கால் அப்படித்தான் பழகியிருந்தது.

இளைய முதலாளியின் முகம் மாறிவிட்டது. "இன்னாப்பா இது? குடுத்தத போட்டுக்கமாட்டீங்களா?"

"போட்டுக்கினுதான் வந்தோம் சார். இது அம்மன் கொல்லைங்க. வரப்பாண்ட கழட்டிடுவோம்" என்றார் சித்தப்பா.

மூத்தவர் சிரித்தார். போட்டோக்காரரிடம், "இடுப்புக்கு மேல எடுப்பா, போதும்" என்றார். பிறகு இருவரும் கைகொடுப்பதற்காகப் பளபளக்கிற ஷூவோடு கொல்லைக்குள் நடந்து வந்தார்கள். ஊரே அந்த ஷூவைப் பார்த்தது. நான் ஒருமுறை செருப்போடு ஓடியதற்குச் சித்தப்பா என் முதுகு வீங்க அடித்திருக்கிறார். அவர் இன்றும் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கையை வேட்டியில்... வேட்டி இல்லை, அந்த மஞ்சள் பனியனில்தான் துடைத்துவிட்டு நீட்டினார்.

ஆட்டத்தில் ஜெயித்தோம். அது யாருக்கும் ஞாபகமில்லை.

பிறகு கோச் ஒருவர் வந்தார். பயிற்சி ஆலங்காயத்துக்குப் போனது. பூட்ஸோடு ஓடிக் காட்டுகிறவனுக்குத்தான் இடம் என்றார்கள். சித்தப்பா கால் கொப்புளத்தில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு போய்வந்தார். கடைசியாக ஆள் எடுத்த அன்று கோலுக்கு முன்னால் பூட்ஸ் வழுக்கி விழுந்தாராம். கோச் நல்ல மாதிரியாகத்தான் பேசி, இடமில்லை என்று அனுப்பினாராம். எங்கள் ஆட்களில் இருவரை மட்டும் எடுத்தார்கள். மற்ற இடமெல்லாம் கீழ் நாட்டுக் காலேஜ் பையன்களுக்குப் போனது. அந்த இருவரும் ஒரு மாதத்தில் திரும்பிவிட்டார்கள். அணிக்கு எங்கள் ஊர்ப் பேர் அப்படியே இருந்தது. ரிசார்ட் வாசலில் அணியின் பெரிய படம் வைத்தார்கள்.

மேஸ்திரியின் ஜீப் வந்த காலையில் சித்தப்பா பையைக் கட்டிக்கொண்டிருந்தார். அம்மா வாசலை மறித்து நின்றாள்.

"அம்மன் முன்னால சத்தியம் பண்ணியே?"

"டீம்ல கீறவனுக்குத்தான் அண்ணி அது."

எனக்கு அந்தப் பேச்சில் அக்கறை இல்லை. என் கண் அவர் போட்டிருந்த மஞ்சள் பனியன்மேல் இருந்தது. சித்தப்பா அதைக் கழற்றி என் தலைவழியாக மாட்டினார். முழங்காலுக்குக் கீழே தொங்கியது.

"நீயே வெச்சிக்கோடா. போய்ட்டு வர்றேன்."

"கழட்டுடா அத!" என்று அம்மா கத்தினாள். இவ்வளவு நல்ல சாமான் எனக்குக் கிடைத்ததில் அவளுக்கு என்ன கோபம் என்று விளங்கவில்லை. பிடுங்கிவிடுவாள் என்று பயந்து கொல்லைக்கு ஓடினேன்.

சித்தப்பா இருப்பதாக யார் யாரோ சொன்ன ஊர்களுக்கெல்லாம் பின்னால் நானும் வேலைக்குப் போய்விட்டேன். அவரைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை.

சித்தப்பா போன அன்று கொல்லையில் யாருமில்லை. மூங்கில்களுக்கு நடுவில், சித்தப்பா நிற்கிற இடத்தில், கையை விரித்து நின்றேன். இல்லாத பந்தை ஒரு பக்கமாகப் பாய்ந்து பிடித்தேன். மேலே வளைவில் போன ஜீப் நீளமாக ஹாரன் அடித்தது. நான் பிடித்ததைப் பார்த்துத்தான் அடிக்கிறார்கள் என்று நினைத்து, எழுந்து, இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன்.