ஏழாவது கட்டம்

பதினாறு வருஷம் வீடு வீடாக ஏறித் தூசி உறிஞ்சும் இயந்திரம் விற்றவள் அவள். மூடிய கதவைக் கண்டு ஒருநாளும் அவள் முகம் சுருங்கியதில்லை. கம்பெனி கடையைக் கட்டியதும், கல்வி அலுவலகத்தில் கணக்கெடுப்புக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள்.

"மாடிப்படி ஏறுவீங்களா?" என்று கேட்டார் அதிகாரி.

"நீங்க எண்ணுங்க சார், நான் ஏறுறேன்."

அன்றைக்கே வேலை கிடைத்தது.

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்தபின் பொழுதை எப்படிக் கழிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. வீட்டுப்பாடம், தனி வகுப்பு, டிவி, போன், விளையாட்டு, புத்தகம் என்று படிவத்தில் ஆறு கட்டங்கள். எதற்கு எத்தனை நிமிஷம் என்று எழுத வேண்டும்.

பெற்றவர்கள் வாயைத் திறந்தால் ஊரில் இருப்பதெல்லாம் உத்தமப் பிள்ளைகள். "எங்க பையன் போனைத் தொடவே மாட்டான்," என்றார் ஒரு அப்பா. மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருந்த பையனின் முகத்தில் நீல வெளிச்சம் ஓடிக்கொண்டிருந்தது. இது வேலைக்காகாது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் ஒரு வழி கண்டுபிடித்தாள். "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று பெரியவர்களை உள்ளே அனுப்பிவிட்டு, அந்த இடைவெளியில் பிள்ளையைக் கேட்டாள். உண்மை வந்தது. பத்து வீடு முடிவதற்குள் வயிறு குடமானதுதான் மிச்சம்.

நாலாவது மாடியில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி. நடனம், நீச்சல், கணக்கு வகுப்பு என்று அடுக்கிவிட்டு அம்மா தண்ணீர் எடுக்கப் போனாள்.

"இதெல்லாம் முடிஞ்சப்புறம் என்னடா கண்ணு செய்வே?"

"ஜன்னல்ல நிப்பேன். எதிர் வீட்டுக் கொடியில எந்தத் துணி முதல்ல காத்துல விழும்னு நானும் தம்பியும் பார்ப்போம்."

"அப்போ விளையாட்டுன்னு எழுதிக்கட்டுமா?"

"விளையாட்டு இல்ல ஆன்ட்டி. சும்மா."

டம்ளரோடு வந்த அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "தினமுமா?" என்றாள் மெதுவாக. பிறகு ஜன்னலருகே போய் எட்டிப் பார்த்தாள். "அந்தச் சிவப்புத் துண்டு இப்பவோ அப்பவோன்னு இருக்கே," என்றாள்.

கணக்கெடுக்க வந்தவள், எவ்வளவு நேரம் என்று பிள்ளையிடம் கேட்டு, படிவத்தின் ஓரத்தில் 'சும்மா, இருபது நிமிஷம்' என்று எழுதினாள். அதிகாரி மறுநாளே திருப்பிக் கொடுத்தார்.

"இது என்னம்மா பதில்? ஆறுல ஏதாவது ஒண்ணுல சேர்த்துடுங்க."

"மெஷின் வித்த காலத்துலயே, வாங்காதவங்களை வாங்கினதா நான் எழுதினதே இல்ல சார். ஒரு வாரம் குடுங்க."

முடித்த வீடுகளுக்கெல்லாம் மறுபடி ஏறினாள். மேஜைக்கு அடியில் இருந்த பையன்கூட, சார்ஜ் தீர்ந்தபின் கூரையிலிருக்கும் ஈரக்கறையை உற்றுப் பார்ப்பேன், அது ஒருநாள் ஒட்டகம், ஒருநாள் லாரி என்றான். ஒருத்தி படிக்கட்டில் உட்கார்ந்து, காலடிச் சத்தத்தை வைத்தே வருவது யார் என்று சொல்வாளாம். நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளில் எழுபத்தொரு பேருக்கு இப்படி ஒரு பொழுது இருந்தது.

அதிகாரி தாள்களைப் புரட்டினார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி புரட்டினார். "சரி, ஏழாவது கட்டம் போட்டுடலாம். 'செயலற்ற நேரம்'னு."

"ஐயோ, பிள்ளைங்களுக்கு ஏதோ சீக்குன்னு நினைச்சுடுவாங்க சார்! 'சும்மா'ன்னே போடுங்க."

"அரசாங்கப் படிவத்துலயா?"

"படிவம் அரசாங்கத்தோடது. பதில் பிள்ளைங்களோடது."

அவர் பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்தார். அந்த மனிதர் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதிகாரி பேனாவை எடுத்து, ஆறாவது கட்டத்துக்குக் கீழே நேராக ஒரு கோடு இழுத்தார்.