மடுல்சீமைக் கிணற்றுத் தண்ணீர்

பதுளையில் நான் வேலை செய்யும் நீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு இன்று மடுல்சீமையிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள். போன மாதம் வயிற்றோட்டத்தில் அவர்களுடைய கைக்குழந்தை இறந்துவிட்டது. அதன் பிறகுதான் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்தார்கள்.

முடிவு கேட்க அந்த அக்கா மட்டும் உள்ளே வந்தார்.

"தண்ணியில கிருமி இருக்குக்கா. பக்கத்துல இருக்குற கக்கூஸ் குழியில இருந்து ஊறியிருக்கும்" என்றேன்.

அவர் அழவில்லை. கதவுப் பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"அவருகிட்ட சொல்லிறாதீங்க. நான் வயித்துப் புள்ளையோட தூரத்துல இருந்து தண்ணி தூக்குறேன்னு, அவரே தோண்டுன கெணறுங்க."

வெளியே நின்ற அவர் கணவரிடம் போய், "தண்ணியில சுண்ணாம்பு கூடிப்போச்சுங்க. குடிக்காதீங்க, மூடிருங்க" என்றேன்.

"சரிங்க. பக்கத்துலயே வேற ஒண்ணு தோண்டிர்றேன்" என்றார்.

அதற்கு மேல் எப்படிச் சும்மா இருப்பது?

"கக்கூஸ் குழிக்கு ரொம்பத் தள்ளித் தோண்டுங்க அண்ணே."

என் முகத்தையே பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

ஒரு பொய்யைக்கூட எனக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?