கலைஞ்சதும் கலைச்சதும்

ஜிப்பக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. எங்கள் கட்டடத்து மாடிப்படிக்குக் கீழே, ஒரு ஆள் குனிந்து நுழைகிற அறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள். பேண்ட், பள்ளிக்கூடப் பை, சூட்கேஸ், எதில் ஜிப் போனாலும் அவளிடம்தான் வரும். புது ஜிப் வைப்பது அவளுக்குப் பிடிக்காது. பழையதிலேயே மேலும் கீழும் ஓடுகிற சின்ன இரும்பை, ரன்னரை, குறடால் ஒரு அழுத்து அழுத்தி ஓட வைத்துவிடுவாள். "ஊர்ல இருக்கிற ஜிப்பையெல்லாம் மூடுறா, தன் வாயை மட்டும் மூடத் தெரியல" என்று பக்கத்துக் கடை டீக்காரர் சொல்வார். அவள் காதில் விழும்படிதான் சொல்வார். அவளும் சிரிப்பாள். தெருமுனையில் போகிற வண்டியை உட்கார்ந்த இடத்திலிருந்தே நிறுத்துகிற குரல் அவளுக்கு.

அந்தக் குரல்தான் அவள் போய்வந்த ஜெபக்கூடத்துக்கு வேண்டியிருந்தது.

கடைக்கு நேர் எதிரே, இரண்டாவது மாடியில், பெண்களுக்கான கிளினிக் ஒன்று இருந்தது. ஏதோ வெளியூர் நிறுவனம் நடத்தியது. கருத்தடை மாத்திரை கொடுப்பார்கள், கர்ப்பம் பார்ப்பார்கள், மார்பில் கட்டி இருக்கிறதா என்று சோதிப்பார்கள். வேண்டாம் என்று வருகிறவர்களுக்குக் கருக்கலைப்பும் செய்வார்கள். அதை அனுமதி வாங்கிய இடத்தில் மட்டும்தான் செய்யலாம். வேறெங்காவது செய்தால் போலீஸ் கேஸ். எங்கள் பக்கத்துக்கு அனுமதி வாங்கிய இடம் அது ஒன்றுதான்.

புதன்கிழமை காலையில் ஜெபக்கூடத்து ஆட்கள் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு அதன் வாசலில் நிற்பார்கள். முன்பெல்லாம் முணுமுணுவென்று ஜெபித்துவிட்டுக் கலைந்து போவார்கள். ஜிப்பக்கா சேர்ந்த பிறகுதான் அது இரண்டாவது மாடி வரைக்கும் கேட்டது.

"கலைக்காதம்மா. உன்னை நம்பி வந்த உசுரு அது. கலைக்காத."

அவள் நடித்தாள் என்று சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. மகன் வயிற்றில் இருக்கும்போது புருஷன் இன்னொருத்தியோடு போய்விட்டான். கூடப்பிறந்த அண்ணன் முதல் வாடகைக்கு விட்டவர் வரை கலைத்துவிடு என்றுதான் சொன்னார்கள். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பிள்ளை இன்று லிஃப்ட் மெக்கானிக். ஜெபக்கூடத்தில் மேடையேறும்போதெல்லாம் அவனை எழுப்பி நிறுத்தி, "பாத்துக்கங்க, இவனைத்தான் கலைக்கச் சொன்னாங்க" என்பாள். ஆறடிப் பையன் காது சிவந்து நிற்பான். கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். மேல் வீட்டுக்காரி என்கிற உரிமையில் என்னையும் ஒரு தடவை இழுத்துக்கொண்டு போனாள். நானும் துடைத்துக்கொண்டேன்.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். கிளினிக்குக்குப் போகிற பெண்களில் பலர் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குத் தானா கலைஞ்சிருச்சுக்கா, வயித்தைச் சுத்தம் பண்ண வந்தேன்" என்பார்கள். ஜிப்பக்கா விடமாட்டாள். "எல்லாரும் இதைத்தான் சொல்லுவாங்க. நம்பாதீங்க" என்று புதிதாக வந்து நிற்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள். அதில் எத்தனை பேர் சொன்னது உண்மையோ. ஆசைப்பட்டுச் சுமந்த பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு வந்தவள், நடுத்தெருவில் கொலைகாரி என்று பேர் வாங்கிக்கொண்டு படியேறினாள்.

கடைசியில் கிளினிக் இருந்த கட்டடத்தின் சொந்தக்காரர் சளைத்துவிட்டார். வாரா வாரம் வாசலில் ரகளை, கீழே கடை வைத்தவர்களின் முணுமுணுப்பு. கிளினிக்கைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஜெபக்கூடத்தில் அன்று பாட்டு நிற்கவே இல்லை. போதகர் ஜிப்பக்காவின் பேரைச் சொல்லி நன்றி செலுத்தினார்.

சாமான் ஏற்றுகிற அன்று, கிளினிக்கில் வேலை பார்த்த கண்ணாடி போட்ட நர்ஸ், ஜிப் சரிபண்ணக் கொடுத்திருந்த பையை வாங்க வந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"இப்ப சந்தோஷமாக்கா?"

"உம்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல கண்ணு. வேற நல்ல வேலையா பாத்துக்க."

"நான் பாத்துக்குவேன். இங்க இருக்கிற பொம்பளைங்க எங்க போவாங்க?"

"பெரிய ஆஸ்பத்திரி எதுக்கு இருக்கு?"

நர்ஸ் ஜிப்பை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகுதான் மகனுக்குக் கல்யாணம் ஆனது. மருமகள் செருப்புக்கடையில் வேலை பார்க்கிறவள். மாமியார் மருமகள் சண்டையை எதிர்பார்த்துக் காத்திருந்த எங்களுக்குப் பெரிய ஏமாற்றம். "அத்தை, நான் பக்கத்துலதான் இருக்கேன், பக்கத்து ஊர்ல இல்ல" என்று அவள் சொன்னால், ஜிப்பக்கா குரலைத் தாழ்த்துவாள். அவளுக்காக மட்டும்தான் தாழ்த்துவாள். மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்றதும் ஜிப்பக்கா தெருவில் யாரையும் விட்டுவைக்காமல் சொன்னாள். டீக்காரருக்கு இரண்டு தடவை.

நாலாம் மாதம். மகன் வெளியூரில் லிஃப்ட் மாட்டப் போயிருந்தான். முந்தின நாளே மருமகளுக்குக் காய்ச்சல். காலையில் குளியலறைச் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள், தரையெல்லாம் ரத்தம். டீக்காரர் வண்டி பிடித்தார். ஜிப்பக்காவோடு நானும் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் மருமகள் என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு கவுண்டரில் இருந்தவள் ஜெபக்கூடத்துக்காரி. புதன்கிழமைகளில் ஜிப்பக்காவுக்குப் பக்கத்தில் நின்றவள்.

"என்னக்கா, என்ன ஆச்சு?"

"நாலு மாசம். ரத்தமா போவுது. கலைச்சிருச்சு. சீக்கிரம் யாரையாவது கூப்பிடும்மா."

ஜிப்பக்கா கலைஞ்சிருச்சு என்றுதான் சொல்ல வந்தாள். தானாகப் போவதற்கு ஒரு சொல், வேண்டுமென்று செய்வதற்கு ஒரு சொல். நடுவில் ஓரெழுத்துதான் வித்தியாசம். வருஷக்கணக்காக வாசலில் நின்று கலைக்காத, கலைச்சிட்டியா, கலைச்சவளே என்று ஒன்றையே கத்திப் பழகிய வாய். பதற்றத்தில் பழகினதுதான் வந்து விழுந்தது.

கவுண்டர்காரியின் முகம் மாறியது. "யாரு கலைச்சு விட்டது? எங்க போனீங்க? மாத்திரையா?"

"ஐயோ, இல்லம்மா. கலைஞ்சிருச்சு. தானா கலைஞ்சிருச்சு. வாய் தவறிச் சொல்லிட்டேன்."

"எல்லாரும் இதைத்தான் சொல்லுவாங்கன்னு நீங்கதானேக்கா சொல்லுவீங்க."

அவள் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொன்னாள். அதுதான் கொடுமை.

கவுண்டரில் விழுந்த சொல் எங்களுக்கு முன்னால் உள்ளே போய்விட்டது. டாக்டர் சின்ன வயதுக்காரர். பயந்த சுபாவம். ட்ரிப் ஏற்றச் சொன்னார். "போலீஸ் வந்து விசாரிச்சிட்டுப் போகட்டும். அதுக்கு முன்னாடி நான் தொட்டா எம்மேல வந்துரும்" என்றார். நான் கெஞ்சினேன், டீக்காரர் சண்டை போட்டார். கிளினிக் இருந்த காலத்தில் இப்படி வருகிறவர்களை அங்கே அனுப்பிவிடுவார்களாம், சுத்தம் பண்ணுவது ஒரு மணி நேரத்து வேலையாம். இதை எங்களிடம் சொன்னவர் வார்டு கூட்டுகிறவர். ஜிப்பக்கா அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

போலீஸ்காரர் வரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. மருமகளுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது.

"என்னம்மா சாப்பிட்ட?" என்று கேட்டார்.

"காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல சார்" என்றாள் அவள், பாவம்.

அவர் மாத்திரையைக் கேட்கிறார் என்பது அவளுக்குப் பிறகுதான் புரிந்தது. மாமியார் பக்கம் திரும்பினாள். "அத்தை, நான் ஒண்ணும் பண்ணலன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா எல்லாருக்கும் கேக்கும்ல."

ஜிப்பக்கா சொன்னாள். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி, தொண்டை கிழியச் சொன்னாள். சத்தம் போடாதீங்க என்று வெளியே அனுப்பினார்கள்.

விளக்குப் போட்ட பிறகு ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோனார்கள். அதற்குள் ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது. அவள் உயிரோடு திரும்பவில்லை.

மகன் வந்ததும் டீக்காரர்தான் ஒன்றுவிடாமல் சொன்னார். அவன் கத்தவில்லை. ஆஸ்பத்திரி நடைபாதையில் அம்மாவின் முன்னால் நின்று, "எல்லாரும் சொன்னப்பவே என்னைக் கலைச்சிருக்கலாம்மா" என்றான். காரியமெல்லாம் முடிந்ததும் வேலை பார்க்கிற ஊரிலேயே அறை எடுத்துக்கொண்டான். இதுவரை வரவில்லை.

போதகர் வீட்டுக்கு வந்து நல்லபடியாகத்தான் ஜெபம் செய்தார். ஆனால் உடம்பு வீட்டுக்கு வருமுன்பே பேச்சு ஜெபக்கூடத்துக்குப் போயிருந்தது: ஜிப்பக்கா மருமகளே கலைச்சுத்தான் செத்தாளாம். அடுத்த கூட்டத்தில் ஜிப்பக்கா எழுந்து நின்று, என் மருமகளுக்குத் தானாகத்தான் கலைஞ்சது என்றாள். ஒரு குழந்தைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது போல அழுத்தி, இரண்டு தடவை சொன்னாள். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தரும் நம்பவில்லை. நம்பக் கூடாது என்று அவளிடம் படித்தவர்கள்தானே.

அதன் பிறகு அவள் அங்கே போகவில்லை. மனசு மாறிவிட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு நாள் டீக்காரர் வாயைக் கிண்டினார்.

"இப்பவும் கலைக்கிறது பாவம்னுதான் சொல்றியா?"

"பாவம்தான்."

"அப்ப அந்த நர்ஸை விரட்டினது?"

ஜிப்பக்கா மெஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டாள். அவர் டீயை வைத்துவிட்டுப் போனார். அது ஆறிப்போய் அப்படியே இருந்தது.

போன மழைக்காலத்தில் ஒரு பெண் வந்தாள். சின்ன வயசு, தனியாக வந்திருந்தாள். எதிர் மாடியில் இப்போது கம்ப்யூட்டர் வகுப்பு போர்டு தொங்குகிறது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஜிப்பக்கா கடைக்கு வந்து எட்டிப் பார்த்தாள். நான் படியில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, எதுத்தாப்புல ஒரு கிளினிக் இருந்துச்சே, எங்க மாத்திட்டாங்க?"

ஜிப்பக்கா மெஷினை நிறுத்தினாள். "எதுக்கும்மா?"

"எனக்கு..." என்று ஆரம்பித்த அந்தப் பெண் நிறுத்திக்கொண்டாள். ஜிப்பக்காவின் முகத்தையே பார்த்தாள். எங்கேயோ பார்த்த முகம், எங்கே என்று நினைவுக்கு வந்துவிட்டது. "ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள். வயிற்றைக் கையால் அணைத்துப் பிடித்தபடி, கொஞ்சம் குனிந்து நடந்தாள். பாவாடையின் பின்பக்கம் நனைந்திருந்தது. மழையில் நனைந்தது அல்ல.

ஜிப்பக்கா வெளியே ஓடிவந்தாள். "நில்லும்மா. நான் கூட வர்றேன். நில்லு" என்று தெருவே கேட்கும்படி கூப்பிட்டாள்.

அந்தக் குரலைக் கேட்டதும் அவள் ஓட ஆரம்பித்தாள்.