ஐந்து வருஷம் பின்னால் ஓடிய போன்

என் வீட்டுக்காரருக்குக் குரல் போய் ஏழு வருஷமாகிறது. தொண்டையில் கட்டி என்றார்கள், எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள், எடுத்தார்கள். உயிர் தங்கியது. கழுத்தில் ஓர் ஓட்டையும் தங்கியது, மூச்சு விடுவது அதன் வழியாகத்தான். மனுஷன் பார்க்கிற வேலையோ டிரைவிங் ஸ்கூலில் கார் கற்றுக்கொடுப்பது. கத்தாமல் யாராவது வண்டி கற்றுக்கொடுக்க முடியுமா? “இனிமே வீட்டோட கெடக்க வேண்டியதுதான்” என்று என் கூடப்பிறந்த அண்ணனே சொன்னான். அவன் வாயில் வசம்பை வைத்துத் தேய்க்க.

ஆனால் ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு நர்ஸ், புண்ணியவதி, ஓர் ஆப் பற்றிச் சொல்லியிருந்தாள். போனில் அறுநூறு வாக்கியங்களை வாய்விட்டுப் படிக்க வேண்டும். அதை வைத்து ஆப் அவர் குரலைக் கற்றுக்கொள்ளும். அப்புறம் என்ன டைப் அடித்தாலும் அவர் குரலிலேயே பேசும். மூன்று நாள் உட்கார்ந்து படித்தார். வலியோடு படித்ததால் கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். நான் இருபது வருஷமாகக் கேட்ட குரல் அது, கூட்டத்தில் கேட்டாலும் திரும்பிப் பார்ப்பேன்.

மறுபடி வேலைக்குப் போனார். ஸ்டியரிங் பக்கத்தில் போனை மாட்டி, அடிக்கடி தேவைப்படுவதை எல்லாம் பெரிய பட்டன்களாக வைத்துக்கொண்டார். ‘கிளட்சை மெதுவா விடு.’ ‘கண்ணாடியைப் பாரு, கண்ணாடி எதுக்கு இருக்கு, தலை சீவவா?’ ‘பிரேக், பிரேக், பிரேக்!’ கடைசி பட்டனுக்குத்தான் கிராக்கி. அதனால் படிக்க வருகிறவர்கள் அவருக்குப் பிரேக் மாஸ்டர் என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவருக்கு அதில் ரகசியமாக ஒரு பெருமை.

பிறகு போனுக்கு வயசானது. போனுக்கென்றால் கண்ணாடிக்கோ பட்டனுக்கோ இல்லை, உள்ளே ஓடுகிறதே அந்தச் சிஸ்டத்துக்கு. போன் செய்த கம்பெனி, புதுசு புதுசாக வேறு சிஸ்டம் கொண்டுவந்து, இதைக் கைகழுவிவிட்டது. முதலில் பாங்கு ஆப் திறக்க மாட்டேன் என்றது. பிறகு பஸ் டிக்கெட், பிறகு படம் அனுப்புவது. ‘உங்கள் பதிப்புக்கு இனி ஆதரவு இல்லை.’ வீட்டு வாசலில் நிற்கிறவனை விரட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாக விரட்டியது. அவர் கவலைப்படவில்லை. அவருக்கு ஒரே ஓர் ஆப் ஓடினால் போதும்.

“புது போன் வாங்கித் தொலைங்களேன்” என்று நான் கத்தாத நாள் இல்லை. வாங்கி என்ன செய்வது? குரல் ஆப்பைப் புது சிஸ்டத்துக்கு அந்தச் சின்னக் கம்பெனி செய்யவே இல்லை. ‘விரைவில்’ என்று போட்டிருந்தான். நாலு வருஷமாக அதே ‘விரைவில்’. குரல் போனவர்கள் எல்லாம் சேர்ந்து இணையத்தில் ஒரு குழு வைத்திருந்தார்கள். ஒருத்தர் திட்டுவார், ஒருத்தர் கெஞ்சிக் கடிதம் எழுதுவார், ஒருத்தர் ‘அடுத்த மாசம் அப்டேட் வருது, நம்பகமான தகவல்’ என்பார். அந்த நம்பகமான தகவலை என் வீட்டுக்காரர் எனக்கு வாசித்துக் காட்டுகிறபோது முகம் அப்படி மலரும். எனக்குத்தான் வயிற்றெரிச்சலாக இருக்கும்.

போன டிசம்பரில் ஒரு காலை, ‘இந்தப் பதிப்பு காலாவதியாகிவிட்டது’ என்று சொல்லி ஆப் மூடிக்கொண்டது. ஒன்பது நாள் வீட்டில் சத்தம் இல்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துபோவார். நான் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் வேலை செய்கிறேன். நாளெல்லாம் இயந்திர இரைச்சல். வீட்டுக்கு வந்தால் காதுக்குள் ஙொய்யென்று ஒரு வெறுமை. அந்த ஒன்பது நாள் நான் அழுத அழுகையை எந்தத் துணியிலும் பிழிந்து காட்ட முடியாது.

பத்தாம் நாள் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். போனில் தேதியைப் பின்னால் தள்ளிவிட்டால் ஆப்புக்குக் காலாவதி ஆனது தெரியாது, திறந்துகொள்கிறது! சரியாக ஐந்து வருஷம் பின்னால் தள்ளினால் கிழமையும் பிசகாது, திங்கள் என்றால் அங்கேயும் திங்கள் என்று கணக்குப் போட்டுக் குழுவில் எழுதினார். பாராட்டு கொட்டியது. குழுவிலும் பிரேக் மாஸ்டர் என்றுதான் பெயர் கொடுத்திருந்தார். ‘பிரேக் மாஸ்டர் வாழ்க’ என்று ஒருத்தர் போட்டிருந்தார். அன்றைக்கு ராத்திரி அவர் குரலில் முதலில் கேட்டது, “எங்கடி என் கண்ணாடி?” என்பதுதான். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன்.

ஜனவரி கடைசியில் குழுவில் அறிவிப்பு வந்தது. குரல் கம்பெனியை வேறு ஒருத்தன் வாங்கிவிட்டான். மார்ச் ஐந்தாம் தேதி, ஒரு நாள் மட்டும், பழைய போனைக் கொண்டுவந்தால் குரலைப் புது ஆப்புக்கு மாற்றித் தருவார்கள். இவர் போன் காலண்டரில் பார்த்து, “அஞ்சாம் தேதி வியாழக்கிழமை, லீவு சொல்லிடு” என்றார். சொன்னேன். என் வேலையில் கிழமைதான் கணக்கு, தேதி யாருக்கு ஞாபகம்? சுவரில் ஒரு காலண்டர் தொங்கத்தான் செய்தது. அதை நிமிர்ந்து பார்த்திருந்தால் என் குடி முழுகியிருக்காது.

வியாழக்கிழமை நன்றாகச் சவரம் செய்து, இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். ஸ்கூல் காரையே கேட்டு வாங்கியிருந்தோம். அறிவிப்பில் போட்டிருந்த கூடத்துக்குள் போனால், நாற்காலிகள் அடுக்கியிருக்கின்றன. கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் தனியாக வயர்களைச் சுருட்டிக்கொண்டிருக்கிறாள்.

“கேம்ப் நேத்தே முடிஞ்சிடுச்சே மேடம்.”

“நேத்தா? இன்னிக்குத்தானேம்மா அஞ்சாம் தேதி?”

“இன்னிக்கு ஆறு.”

இவர் தன் போனை நீட்டினார். அவள் தன் போனைப் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் வியாழக்கிழமை. ஒன்றில் ஐந்து, ஒன்றில் ஆறு. இவர் முகத்தில் இரத்தமே இல்லை. டைப் அடித்தார். அவர் குரலே அதைச் சொன்னது:

“போன்ல ஓடுற அந்த வருஷத்துல பிப்ரவரிக்கு இருபத்தொம்பது நாள்.”

அரை மணி நேரத்தில் இன்னும் ஆறு பேர் வந்து சேர்ந்தார்கள், ஒவ்வொருவரும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு. அத்தனை பேரும் இவர் சொன்ன மாதிரி தேதியைத் தள்ளியவர்கள். ஆப் போனால் போகட்டும் என்று விட்டவர்கள் எல்லாம் நேற்றே வந்து குரலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கடைசி வரைக்கும் பிடித்துத் தொங்கியவர்களுக்குத்தான் வாசல் அடைத்தது. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

“யாருய்யா அந்தப் பிரேக் மாஸ்டர்? அவன் கணக்குல இடி விழ!” என்று சாம்பல் சட்டை போட்ட ஒருத்தர் கத்தினார். அவர் பெண்டாட்டி கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

“என் வீட்டுக்காரர்தான். உங்க சம்சாரம் ஒன்பது நாள் பேச்சில்லாம கெடந்தப்ப, இவர்தான் வழி சொன்னாரு. அப்ப இனிச்சுது, இப்பக் கசக்குதா?” என்று நான் சண்டைக்குப் போனேன். மனசுக்குள் நானும் அதையேதான் திட்டிக்கொண்டிருந்தேன். இவர் மட்டும் தலையை நிமிர்த்தவே இல்லை.

அந்தப் பெண் நல்லவள். எங்களுக்காகத் தலைமை ஆபீசுக்கு நாலு தரம் பேசினாள். பட்டியலை மூடிவிட்டார்கள், திறக்க முடியாது. போதாக்குறைக்கு இன்னொன்றும் சொன்னாள். டைப் அடிப்பதைக் குரலாக்கித் தருகிற பெரிய இயந்திரம் கம்பெனியில் இருக்கிறது, இன்று சாயங்காலம் ஆறு மணிக்கு அதையும் நிறுத்துகிறார்கள். அப்புறம் எந்தத் தேதி வைத்தாலும் ஆப் வாயே திறக்காது.

“அப்ப ஆறு மணி வரைக்கும்?” என்றேன்.

“ஆறு மணி வரைக்கும் பேசும் அக்கா. நீங்க வேணா உங்க போன்ல ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கோங்க. எனக்கு வேற வழி தெரியலை.”

மணி பதினொன்றரை. ஒரு மனுஷன் சாகிற வரைக்கும் சொல்ல வேண்டியதை எல்லாம் ஆறரை மணி நேரத்தில் சொல்லியாக வேண்டும். யோசித்துப் பாருங்கள், நீங்களாக இருந்தால் எதை முதலில் சொல்வீர்கள்?

கூடத்தின் மூலைக்கு ஒருத்தராக உட்கார்ந்தார்கள். ஒரு குரல் இன்னொன்றில் கலக்கும் என்று நாங்கள் காருக்குப் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டோம். வெயில். ஏசி போட்டால் சத்தம் விழும். வேர்த்து ஊற்ற அவர் டைப் அடிப்பார், போன் பேசும், நான் என் போனைப் பக்கத்தில் பிடித்துப் பதிவு செய்வேன். முதலில் தொழில். பட்டன்கள் நாற்பத்திரண்டு. பிறகு ஆஸ்பத்திரி: “மூச்சு கழுத்து வழியாத்தான், மூக்கை மூடினா பிரயோஜனமில்லை.” “இங்க வலிக்குது.” “என் சம்சாரத்தைக் கூப்பிடுங்க.” பிறகு கடை, பஸ், போலீஸ். “நான் குடிச்சிருக்கலை சார், எனக்குப் பேச்சு வராது.” அதைக் கேட்டு இரண்டு பேரும் சிரித்துத் தொலைத்தோம், அந்த நிலையிலும்.

“சண்டைக்கு நாலு அடிங்க. நான் மட்டும் தனியா எவ்வளவு நேரம் கத்துறது?” என்றேன்.

“நீ சொன்னா சரிதான்” என்றது போன்.

“இது சண்டையா? உருப்படியா அடிங்க.”

“உங்க அண்ணன் ஒரு தண்டம்.”

“ம், இது சரி.”

மூன்று மணிக்கு என் பங்கைக் கேட்டேன். எனக்கென்று ஏதாவது சொல்லுங்கள் என்று வாய்விட்டுக் கேட்கக் கூச்சமாக இருந்தது, கேட்டுவிட்டேன். விரலை ஆட்டி, கடைசியில், என்று காட்டினார். அவசரத்தில் செய்கிற காரியமில்லை அது என்கிற மாதிரி. எனக்கும் சரியென்றுதான் பட்டது. தேவையானதை முதலில் முடிப்போம், கடைசி அரை மணி நேரம் முழுக்க என்னுடையது. அப்படி யோசித்த என் புத்தியை என்ன சொல்ல.

ஐந்தரைக்கு மற்றதெல்லாம் முடிந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டார். இரண்டெழுத்து அடித்திருப்பார். கார்க் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். சாம்பல் சட்டை.

“அண்ணே, இவ போன் சூடாகி அணைஞ்சிடுச்சு. உயிரே வரலை. மத்தவங்க யாரும் தர மாட்டேங்கிறாங்க, அவங்கவங்க அவசரம். உங்க போன்ல அவ கணக்கைத் திறந்தா அவ குரல் வரும்னு அந்தப் பொண்ணு சொல்லுது. வீட்ல ஆறு வயசுல பையன் இருக்கான். ஒண்ணுமே பதியலைண்ணே.” காலையில் இடி விழச் சொன்ன வாய் இப்போது கோணிக்கொண்டு நின்றது.

நான் “முடியாது” என்று சொல்ல வாயெடுத்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் போனேன். அதற்குள் இவர் கதவைத் திறந்துவிட்டார். என்னைப் பார்த்தார். தப்பு என்னுடையது, என்று நெஞ்சில் கை வைத்துக் காட்டினார். போனை அந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டார்.

அவள் முன் சீட்டில் உட்கார்ந்து மெதுவாக டைப் அடித்தாள். அதட்டலான குரல் அவளுக்கு. “கண்ணா, எழுந்திரு, நேரமாச்சு.” “பல் தேய்ச்சியா? பொய் சொல்லாத, ஊது பாப்போம்.” “அம்மா இங்கதான் இருக்கேன்.” அவள் புருஷன் பதிவு செய்தபடி அழுதார். நான் பின் சீட்டில் உட்கார்ந்து மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து ஐம்பது. ஐம்பத்தைந்து. இவர் ஒருமுறை போனுக்குக் கை நீட்டினார். அவள் நீளமாக ஏதோ அடித்துக்கொண்டிருந்தாள். நீட்டிய கையை இழுத்துத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

அந்த நீளமான வாக்கியம் பாதி பேசியது. பிறகு திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ‘இணைப்பு இல்லை.’

அவர்கள் இவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொல்லிவிட்டுப் போனார்கள். காரில் நாங்கள் இரண்டு பேர். என் போனில் இருநூற்று எழுபத்தெட்டு வாக்கியங்கள் இருந்தன, போலீசுக்குக்கூட ஒன்று இருந்தது, எனக்கு ஒன்றும் இல்லை. அழுகைகூட வரவில்லை, கோபம்தான் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அவர் டேஷ்போர்டிலிருந்து பாட நோட்டை எடுத்தார். ஒரு பக்கத்தைப் புரட்டி, பேனாவைத் திறந்து, எழுதத் தொடங்கினார். நான் அந்தப் பக்கத்தின் மேல் கையை வைத்தேன்.

“எழுதாதீங்க. எழுதினா நான் படிச்சுடுவேன். படிச்சா அது என் குரல்லதான் கேக்கும்.”

அவர் பேனாவை மூடினார்.